ஓட்டக் குறிப்பேட்டின் வரலாறு: ஃபேரர் பார்க் திடல் முதல் கைக்கடிகாரம் வரை



வரலாற்றுத் தேர்வில் ஒரு சான்றைக் கொடுத்து, "இது எந்த அளவுக்கு நம்பத்தக்கது?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் கடிதம், கேலிச்சித்திரம், தலைவர் ஒருவரின் உரை, இப்படித்தான் வரும். இந்த முறை கொஞ்சம் வேறு வகைச் சான்றை எடுத்துக்கொள்வோம். ஓடுகிறவர்கள் தங்கள் ஓட்டத்தைப் பற்றிக் குறித்துவைக்கும் பதிவுகள். இதுல என்ன வரலாறு இருக்குன்னு தோணலாம். உங்களில் பாதிப் பேருடைய மணிக்கட்டிலேயே அந்தச் சான்று இப்போது கட்டப்பட்டிருக்கிறது. அதனால்தான் அதை விசாரிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

லிட்டில் இந்தியாவிலிருந்தே ஆரம்பிப்போம். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டிருப்பீர்கள். அந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், எத்தனை கை உயர்கிறது என்று தெரியும். 1842இல் இங்கே ஸ்போர்ட்டிங் கிளப் என்ற குதிரைப் பந்தயச் சங்கம் தொடங்கியது. மறு ஆண்டு, இன்று ஃபேரர் பார்க் என்று அழைக்கப்படும் திடலில் முதல் பந்தயம் நடந்தது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போகும்வரை, ஏறத்தாழ 90 ஆண்டுகள், இந்த வட்டாரத்தில் ஓடியதும் ஓட்டம் கணக்கெடுக்கப்பட்டதும் குதிரைகளுக்குத்தான். (இதே திடலில்தான் 1942 பிப்ரவரி 17ஆம் தேதி பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கே தொடங்குகிறது. தேர்வுக்கு அது முக்கியம். ஆனால் அது வேறு கட்டுரை.)

பந்தயத்தில் பணம் கட்டுகிறவன் குதிரை எவ்வளவு நேரத்தில் ஓடியது என்பதை மட்டும் பார்க்க மாட்டான். அன்று தரை ஈரமா, காய்ந்ததா? எவ்வளவு எடையைச் சுமந்து ஓடியது? எவ்வளவு தூரம்? யார் சவாரி செய்தது? இதெல்லாம் தெரிந்தால்தான் அந்த நேரத்துக்கு அர்த்தம் உண்டு என்பது அவனுக்குத் தெரியும், ஏனென்றால் போவது அவன் பணம். மனிதர்களின் ஓட்டத்தைப் பதிவுசெய்யும்போது இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். எண் இருக்கிறது, எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டியது இல்லை.

குதிரைகள் போன பிறகு ஃபேரர் பார்க் மனிதர்களின் விளையாட்டுத் திடலாயிற்று. 1960களில் அங்கே பயிற்சி செய்தவர்களில் ஒருவர் சி. குணாளன். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் 1942இல் பிறந்தவர். ஆசிரியராகப் பணியாற்றியவர், பின்னர் உடற்கல்வி விரிவுரையாளர். பந்து விளையாடிக்கொண்டிருந்தவரை ஓட்டத்தின் பக்கம் திருப்பியவர் பயிற்றுநர் டான் எங் யூன். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் குணாளனுக்கு வெள்ளி. தங்கம் வென்றவர் மலேசியாவின் மணி ஜெகதீசன். முதல் இரண்டு இடமும் தமிழர்களுக்கு என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்கிறோமா?

1968 மெக்சிக்கோ சிட்டி ஒலிம்பிக்கில் குணாளன் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நின்றது. 2001இல் கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டில் யு.கே. ஷியாம் 10.37 வினாடியில் ஓடி அதை முறியடித்தார். வித்தியாசம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு.

இந்த இரண்டு எண்களையும் ஒரு வரலாற்று மாணவர் எப்படிப் பார்க்க வேண்டும்? முதலில், அளந்தது யார் என்று கேட்கணும். அந்தக் காலத்தில் பெரும்பாலான போட்டிகளில் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பார்கள். துப்பாக்கிப் புகையைக் கண்டதும் விரல் அழுத்தும். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் கொஞ்ச நேரம் ஓடிவிடும். முடிவுக் கோட்டிலோ ஓட்டக்காரர் வருவது முன்கூட்டியே தெரிவதால் விரல் தயாராக இருக்கும். ஆகவே கைக்கணக்கு எப்போதும் ஓட்டக்காரருக்குச் சாதகமாகவே இருக்கும். 100 மீட்டருக்கு இந்த வித்தியாசம் 0.24 வினாடி என்று தடகள உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கைக்கணக்கை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும் என்பதும் விதி. இப்போது கணக்குப் போடுங்கள். 10.38இலிருந்து 0.24 போனால் 10.14, முழுமையாக்கினால் 10.2. 10.37இலிருந்து 0.24 போனால் 10.13, அதுவும் 10.2. அதாவது இரண்டு ஓட்டத்தையும் கையால் அளந்திருந்தால் ஷியாம் சாதனையை முறியடிக்கவில்லை, சமன் செய்தார் என்றே எழுதியிருப்பார்கள்! மெக்சிக்கோவில் மின்னணுக் கருவி இருந்ததால்தான் 33 ஆண்டு கழித்து அந்த நூறில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரிந்தது. (குறுந்தூரச் சாதனைகளுக்கு மின்னணு நேரம் மட்டுமே செல்லும் என்று உலகத் தடகளச் சங்கம் விதித்தது 1977இல்.)

அடுத்து, எங்கே அளந்தார்கள்? மெக்சிக்கோ சிட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு. குறுந்தூரம் ஓடுகிறவருக்கு அது உதவி, நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு அது தொல்லை. செயற்கை ஓடுபாதை பயன்படுத்தப்பட்ட முதல் ஒலிம்பிக்கும் அதுதான். கோலாலம்பூரில் அந்த உயரம் இல்லை. இதைச் சொல்வது குணாளனின் பெருமையைக் குறைக்க அல்ல. 33 ஆண்டுகளில் உயரமான ஊர்களிலும் செயற்கைப் பாதையிலும் ஓட வாய்ப்பு எத்தனையோ பேருக்குக் கிடைத்தது, எண் அசையவில்லை. ஆனால் குதிரைப் பந்தயக்காரன் கேட்கும் கேள்வியை நாமும் கேட்டுத்தான் ஆகணும்.

இதுவரை பார்த்தது போட்டி நாளின் பதிவு. போட்டி வருஷத்துக்குச் சில நாள்தான். மீதி நாளெல்லாம் பயிற்சி. அதை யார் எழுதுவது? அதிகாரி எழுத மாட்டார், ஓடுகிறவர்தான் எழுத வேண்டும். இப்படித்தான் ஓட்டக் குறிப்பேடு உருவானது. தேதி, தூரம், நேரம், எத்தனை சுற்று, நடுவில் எவ்வளவு ஓய்வு, காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பு. கடைசியில் "குறிப்பு" என்று ஒரு பத்தி: மழை, காலில் வலி, தூக்கம் சரியில்லை, சாப்பிட்டது ஒத்துக்கலை. சாதாரண நோட்டுப் புத்தகம், சாதாரணப் பேனா. காலை நாடி வழக்கமாக 56 இருப்பவருக்கு ஒரு நாள் 66 என்று வந்தால், உடம்பு இன்னும் களைப்பிலிருந்து மீளவில்லை, அல்லது காய்ச்சல் வரப்போகிறது என்று ஊகிக்கலாம். கருவி ஏதும் வேண்டாம். இரண்டு விரலும் சுவர்க்கடிகாரமும் போதும்.

நம் ஓட்டக்காரர் கே. ஜெயமணியின் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 தென்கிழக்காசிய விளையாட்டில் 1,500 மீட்டரிலும் 3,000 மீட்டரிலும் தங்கம் வென்றவர். 1983இல் அந்தப் போட்டி சிங்கப்பூரில் நடந்தபோது பெண்களுக்கான மாரத்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது, அதிலும் தங்கம் அவருக்குத்தான். அவர் முதல் தங்கம் வென்ற அதே 1977இல்தான் ஃபின்லாந்தில் போலார் என்ற நிறுவனம் தொடங்கியது. கம்பியில்லாமல் இதயத்துடிப்பைக் காட்டும் அதன் முதல் கருவி 1982இல் வந்தது, மார்பில் ஒரு பட்டை, கையில் ஒரு கடிகாரம். ஜெயமணியின் தலைமுறை பயிற்சி செய்த காலத்தின் பெரும்பகுதியில் இப்படி ஒன்று ஓட்டக்காரர் கையில் கிடையாது.

முருகையா ரமேஷனின் கதை இன்னும் கூர்மையானது. 1995இல் தாய்லாந்தின் சியாங் மாயில் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 22 வினாடியில் ஓடி வெண்கலம் வென்றார். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 நிமிடம் 25 வினாடி. இது எவ்வளவு வேகம் என்று புரியணும்னா, நீங்கள் பள்ளியில் ஓடும் 2.4 கிலோமீட்டரை 8 நிமிடம் 13 வினாடியில் முடித்து, நிற்காமல் அதையே மொத்தம் 17 தடவைக்கு மேல் ஓட வேண்டும். அவரும் ஆசிரியர், பள்ளி மாணவர்களுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தவர். அந்தத் தேசியச் சாதனையை 2019இல் சோ ரூய் யோங் முறியடித்தார். 1995க்கும் 2019க்கும் நடுவில் என்னென்ன வந்தது என்று பாருங்கள். 2000 மே மாதம் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையை வேண்டுமென்றே துல்லியமற்றதாக்கி வைத்திருந்த வழக்கத்தைக் கைவிட்டது. 2003இல் கார்மின் நிறுவனம் ஓட்டக்காரர்களுக்கான ஜி.பி.எஸ். கடிகாரத்தை விற்கத் தொடங்கியது. 2006இல் காலணிக்குள் வைக்கும் நைக்கி உணர்கருவி, 2009இல் ஸ்ட்ராவா. இத்தனையும் வந்த பிறகும் அந்தச் சாதனை பல ஆண்டுகள் அப்படியே நின்றது. தரவு கூடினால் வேகம் கூடும் என்று விளம்பரம் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக நோட்டுப் புத்தகத்தைக் கோயில் சிலையாக்கவும் வேண்டாம். பிரிட்டிஷ் மாரத்தான் வீரர் ரான் ஹில் 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை ஒரு நாள் விடாமல் ஓடினார், ஒவ்வொரு நாளும் குறைந்தது ஒரு மைல். கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஊன்றுகோலோடு அந்த ஒரு மைலைக் கடந்தார். பலர் இதை வியந்து பேசுவார்கள். என்னைக் கேட்டால், அங்கே பதிவேடு எஜமானாகிவிட்டது, ஓட்டக்காரர் அதற்கு வேலைக்காரர். இன்று செயலியில் "தொடர் நாள்" எண்ணிக்கை அறுந்துவிடக் கூடாதே என்று காய்ச்சலோடு ஓடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, இந்த நோய்க்குக் கருவி காரணமில்லை, பேனாக் காலத்திலும் இது இருந்தது என்று தெரிகிறது.

இனி நம் பள்ளிக்கு வருவோம். 1968இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் "ஏரோபிக்ஸ்" என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஓட்டம், நீச்சல், மிதிவண்டி ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்து, வாரத்துக்கு 30 புள்ளி சேருங்கள் என்றார். சாதாரண மனிதர்களும் உடற்பயிற்சிக்குக் கணக்கு வைக்கத் தொடங்கியதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய சோதனைகளில் ஒன்று ஒன்றரை மைல் ஓட்டம். ஒன்றரை மைல் என்றால் 2.414 கிலோமீட்டர். பழகிய எண்ணாக இருக்கிறதா? சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1982இல் வந்த நாஃபா உடலுறுதித் தேர்விலும், தேசிய சேவையாளர்களின் ஐ.பி.பி.டி. தேர்விலும் அந்த 2.4 கிலோமீட்டர் இருக்கிறது. 2015இல் ஐ.பி.பி.டி.யை ஐந்து அங்கங்களிலிருந்து மூன்றாகக் குறைத்தபோதும் ஓட்டத்தை எடுக்கவில்லை.

இங்கே பதிவின் தன்மை மாறிவிட்டது, கவனித்தீர்களா? குறிப்பேடு ஓடுகிறவருடையது. நாஃபா அட்டை பள்ளியுடையது, அரசுடையது. அதில் வெள்ளி அல்லது தங்க விருது பெறும் பையனுக்கு முழுநேரத் தேசிய சேவையில் இரண்டு மாதம் குறைகிறது. ஸ்டாப்வாட்ச்சில் சில வினாடி, வாழ்க்கையில் இரண்டு மாதம்! அப்படிப்பட்ட எண் எப்படி வந்தது என்று அந்தப் பையனுக்கே தெரியாமல் இருக்கக் கூடாது.

உதாரணத்துக்கு, 400 மீட்டர் பாதையில் 6 சுற்று ஓடி ஒரு மாணவர் 12 நிமிடத்தில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் 12:00 என்று மட்டும் இருக்கும். சுற்றுவாரியாகக் குறித்தால் இப்படி இருக்கலாம்: 1:36, 1:58, 2:06, 2:10, 2:11, 1:59. இப்போது கதை தெரிகிறது. முதல் சுற்றில் நண்பர்களோடு பாய்ந்திருக்கிறார், மூச்சு வாங்கி நடுவில் தளர்ந்திருக்கிறார், கடைசியில் மீண்டும் பலம் வந்திருக்கிறது. அதாவது பலம் இருந்தது, பங்கிடத் தெரியலை. முதல் சுற்றை 1:55இல் ஓடச் சொன்னால் போதும், மொத்த நேரம் தானாக இறங்க வாய்ப்பு உண்டு. உடற்கல்வி ஆசிரியர்களே, ஒரு துணை மாணவர் கையில் பென்சில் கொடுத்து இந்த ஆறு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பின்னால் "குறிப்பு" பத்தியையும் சேர்த்துவிடுங்கள்: காலை ஏழரையா, மதியம் இரண்டரையா? நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் அந்த ஒரு தகவல் இல்லாமல் இரண்டு நேரங்களை ஒப்பிடுவது நியாயமில்லை. சிங்கப்பூர் மாரத்தானையே விடியுமுன் இருட்டில் தொடங்குவார்கள், 2019இல் மாலைக்கு மாற்றியும் பார்த்தார்கள். இருட்டில் தொடங்குவது வெயிலுக்குப் பயந்துதான்.

"எவ்வளவு கஷ்டமாக இருந்தது" என்பதையும் எண்ணாக எழுத முடியும். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் குன்னார் போர்க் இதற்கு 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் அமைத்தார். ஏன் 6? பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ இதயத்துடிப்பு வரும் என்பதற்காக, 60 முதல் 200. பின்னாளில் கார்ல் ஃபாஸ்டர் இன்னும் எளிமையாக்கினார்: 10க்கு எத்தனை கஷ்டம் என்று சொல்லி, பயிற்சி நிமிடத்தால் பெருக்கு. 40 நிமிடம் ஓடி கஷ்டம் 6 என்றால் 240. வாரத்துக்கு ஒரு கூட்டல். இந்த எண் திடீரென்று ஒரு வாரம் இரட்டிப்பானால் காயத்துக்கு அழைப்பு வைக்கிறோம் என்று அர்த்தம். மணிக்கட்டுக் கருவியை விட ஓடுகிறவருடைய வாய்மொழிக்கு இங்கே மதிப்பு அதிகம் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

கருவியும் தவறும். ஜி.பி.எஸ். கடிகாரம் வானத்திலுள்ள துணைக்கோள்களைப் பார்க்க வேண்டும். மரினா பே உயர்மாடிகளுக்கு நடுவில் சமிக்ஞை கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. மெக்ரிட்சி காட்டில் இலை மறைக்கிறது. சிராங்கூன் ரோட்டின் ஐந்தடிப் பாதையில் தலைக்கு மேல் கூரை. அப்புறம் வரைபடத்தில் நீங்கள் கடைக்குள் புகுந்து சுவரைத் துளைத்து வெளியே வந்ததாகக் காட்டும்! மணிக்கட்டில் நாடி பார்ப்பது பச்சை ஒளி. பட்டை தளர்ந்திருந்தால் கை ஆடும் தாளத்தையே இதயத்துடிப்பு என்று எண்ணிவிடும். தோலின் நிறமியும் பச்சை ஒளியை உறிஞ்சும். அதனால் அளவு எந்த அளவுக்குப் பிசகும் என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒருமித்துப் பேசவில்லை. "220இலிருந்து வயதைக் கழி" என்ற சூத்திரமும் 1970களின் தொடக்கத்தில் போட்ட ஒரு தோராயக் கணக்குதான். 16 வயது மாணவருக்கு 204 என்று அது சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓடாதவர்களும் கணக்கு வைக்கும் காலம் இது. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015 நவம்பரில் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்சைத் தொடங்கி, இலவசமாகக் கருவி கொடுத்து, நடந்த அடிகளுக்குப் பற்றுச்சீட்டும் தந்தது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் பாட்டி "இன்னும் ரெண்டாயிரம் பாக்கி" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பிரபலமான 10,000 அடி எங்கிருந்து வந்தது? மருத்துவ ஆய்விலிருந்து அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு மறு ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் மன்போ-கெய், "பத்தாயிரம் அடி மானி". விற்பனைப் பெயர் உலக இலக்காகிவிட்டது. பாட்டி நடப்பது நல்லதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஓர் எண் எங்கே பிறந்தது என்று கேட்பது வரலாற்று மாணவருடைய வேலை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது: பதிவு இப்போது யார் கையில்? 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர், ஸ்ட்ராவா வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில் பாலைவன ராணுவ முகாம்களின் வடிவம் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். வீரர்கள் காலையில் ஓடிய பாதைகள் ஒன்றுசேர்ந்து முகாமின் சுற்றுப்பாதையை வரைந்துவிட்டன. பிள்ளைகள் தேசிய சேவைக்குப் போகும் ஊரில் இதை அடுத்தவர் செய்தியாகப் படிக்க முடியாது. உங்கள் வீட்டு வாசலில் தொடங்கி வாசலிலேயே முடியும் ஓட்டமும் ஒரு முகவரிதான்.

2020 ஜூலையில் கார்மின் கணினிகள் தாக்கப்பட்டு அதன் சேவை பல நாள் முடங்கியது. ஓடியவர்கள் ஓடினார்கள், பதிவுதான் ஏறவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி எண்டோமாண்டோ என்ற புகழ்பெற்ற ஓட்டச் செயலி மூடப்பட்டது. தங்கள் பதிவைக் கெடுவுக்குள் இறக்கி வைக்காதவர்களுக்கு அது போனது போனதுதான். நோட்டுப் புத்தகத்தைக் கறையான் தின்னலாம், ஆனால் ஒரே நாளில் இலட்சக்கணக்கான நோட்டுகளை ஒரே நிறுவனம் மூடிவிட முடியாது.

ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவையாவது செயலியின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் உங்கள் பதிவை முழுசா இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான செயலிகளில் அதற்கு வசதி உண்டு. நிறுவனங்கள் தங்களிடமுள்ள உங்கள் தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைச் சிங்கப்பூரின் 2012 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் தருகிறது. இறக்கிய கோப்பைத் திறந்து பாருங்கள். நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், துடிப்பு என்று ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். நான்காவது சுற்றில் ஏன் நின்றீர்கள் என்பது அதில் எந்த வரியிலும் இருக்காது. அதை நீங்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.